யார் செய்தது என்று ஊருக்கே தெரியும்

(சித்தேரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமீபத்தில் படித்த மர்ம நாவல், சரித்திர நாவல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விமர்சகன் இல்லை. அடிவாரத்துச் சேரியில் பிறந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். சின்ன வயசிலிருந்தே எனக்குப் பாக்கெட் நாவல் பைத்தியம். அரூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் வரிசையாகத் தொங்கும். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், சுஜாதா, எதையும் விட்டதில்லை. இதையெல்லாம் குப்பை என்று சொல்கிறவர்கள் வீட்டில் வேறு புத்தகங்கள் இருந்திருக்கும். எங்க வீட்டில் இல்லை. ஒரே மூச்சில் நூறு பக்கம் படிக்கப் பழக்கியது அந்த நாவல்கள்தான். ஆனால் அவை இன்னொன்றையும் பழக்கின. ஒரு பிணம் விழும், போலீஸ் ஜீப் வரும், ஜீப் வந்துவிட்டால் உண்மையும் வந்துவிடும். அதை நான் நம்பினேன்.

1992 ஜூன் 20. இந்த மலைக்குக் கீழே வாச்சாத்திக்கும் ஜீப் வந்தது. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்தவர்கள் வீடுகளை நொறுக்கினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். அப்போது எனக்குப் பதினாலு வயசு. சேதி எங்க சேரிக்கு வந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மாவா போலீஸ் போகும்? கட்டை கடத்தியிருப்பாங்க." சோளம் புடைத்துக்கொண்டிருந்த எங்க ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: "யாரு செஞ்சான்னு ஊருக்கே தெரியும்டா. யாரு போய்ச் சொல்றது, எவன் காது குடுத்துக் கேக்கிறது, அதுதான் தெரியல."

அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. சேரிப் பையனுக்கே பழங்குடி மக்களைப் பற்றி அப்படிப் பேச வந்தது எப்படி? எல்லாப் பழியையும் புத்தகத்தின்மேல் போட மாட்டேன். ஆனால் அதுக்கும் பங்கு உண்டு.

மர்ம நாவலின் கேள்வி ஒன்றுதான்: யார் செய்தது? நம்ம மேல் நடந்த கொடுமைகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை எரித்தது யார் என்று கீழத்தஞ்சைக்கே தெரியும். தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது பூமணியின் 'வெக்கை' (1982). கொலை செய்த பையன் யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அவனும் அப்பனும் உயிரோடு கோர்ட்டுக்குப் போய்ச் சேருவார்களா என்பதுதான் திகில். யாரைப் பார்த்துப் பயப்படணும் என்பதையே இந்த நாவல் மாற்றிப்போட்டது.

இனி சரித்திர நாவல். 2022, 2023இல் படம் வந்த பிறகு பிள்ளைகள் 'பொன்னியின் செல்வன்' படிக்க ஆரம்பித்தார்கள். நானும் ஐந்து பாகத்தையும் மறுபடி படித்தேன். ராத்திரி தூக்கம் கெட்டது உண்மை. கல்கி கதை சொல்லத் தெரிந்தவர். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கடைசிவரை மூட்டமாகவே வைத்திருப்பார். ஆனால் உடையார்குடிக் கல்வெட்டில் பெயரே இருக்கிறது: ரவிதாசன், சோமன், பரமேசுவரன். பிராமணர்கள், அவர்களில் பிரம்மாதிராசன் என்று பட்டம் வாங்கியவர்களும் உண்டு. நிலத்தைப் பறிமுதல் செய்ததைத்தான் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. நாவலில் ரவிதாசன் மந்திரவாதி ஆகிவிட்டான்.

போன மாசம் ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு என்னிடம் கேட்டது: "அண்ணா, இந்தக் கதையில நம்மாளு யாரு?" ஓடக்காரி இருக்கிறாள், பூத்தொடுக்கிறவன் இருக்கிறான். நம்மாளைக் காட்ட முடியவில்லை. அதே ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. அதில் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி என்றும் இருக்கிறது. ராஜாவின் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த சேரி நாவலாசிரியரின் கண்ணில் படவில்லை. வந்தியத்தேவன் குதிரை எத்தனையோ ஊர் வழியாகப் போகிறது, நம்ம தெரு வழியாகப் போனதாக எனக்கு நினைவில்லை.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013) நம்ம தெருவுக்குள் வருகிறது. 1878இல், தாது வருசப் பஞ்சக் காலத்தில், சென்னை ஐஸ் ஹவுஸில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சுமந்த தலித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம்தான் கதை. அந்தக் கட்டடம் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். பஞ்சத்தை எழுதிய பக்கங்களைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு வருத்தம். எல்லாவற்றையும் பார்ப்பது ஒரு ஐரிஷ் கேப்டனின் கண். நம்ம ஜனங்க சாகிறார்கள், அவன் மனசாட்சி விழிக்கிறது. காத்தவராயன் என்று ஒரு பாத்திரம் வருகிறது. அது அயோத்திதாசரின் இயற்பெயர். கதையை அவர் கண்ணால் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

வழக்கறிஞர் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) இந்த மலை மக்களுக்கு நெருக்கமானது. வீரப்பன் தேடுதல் என்ற பெயரில் பழங்குடிகள் பட்டது அதில் இருக்கிறது. ஜீப் வரும்போது உண்மை வருவதில்லை, பயம் வருகிறது. பதினாலு வயசில் என் கையில் கிடைத்திருக்க வேண்டிய புத்தகம் இது.

வாச்சாத்தியில் கடைசிப் பக்கம் வர எத்தனை காலம் ஆச்சு? 269 பேர்மேல் வழக்கு. வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆயா கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்களே பதில் சொன்னார்கள். போய்ச் சொன்னார்கள், கேட்க வைத்தார்கள். கண்டுபிடித்தது எந்த இன்ஸ்பெக்டரும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பத்தொன்பது வருசத்தை யாராவது எழுதணும். கோர்ட்டுக்குப் போன பஸ், விட்டுப்போன கூலி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வீட்டில் யார் சோறாக்கினார்கள், இதெல்லாம் சரித்திரம். ஆனால் அவங்க சம்மதம் இல்லாமல் எழுதாதீங்க. அவங்க காயத்தை மசாலாவாக்காதீங்க.

நான் இன்னும் பாக்கெட் நாவல் வாங்குகிறேன். ஜீப் வருகிற பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, ஆயாவை நினைத்துக்கொண்டு படிக்கிறேன். நீங்களும் எல்லாத்தையும் படியுங்க, அந்தப் பொண்ணு கேட்டதையும் கூடவே கேளுங்க.