மலிவு விலையின் மீதியை யார் கட்டுகிறார்கள்?

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் பொருள் வாங்குவது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் 22 வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தவன். வெளிநாட்டு வியாபாரி கேட்கிற விலைக்குச் சரக்கை முடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. உபதேசம் செய்கிற தகுதி எனக்கு இல்லை. அந்த வேலையில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு டி-சர்ட்டுக்கு 10 சென்ட் குறைக்கச் சொல்லி மெயில் வரும். நூல் விலையில் கை வைக்க முடியாது, அது மார்க்கெட் விலை. கப்பல் வாடகையையும் குறைக்க முடியாது. மிச்சம் இருப்பது தையல் கூலியும் சாயக் கூலியும்தான். அங்கேதான் பேரம் பேசுவோம். சாயப் பட்டறைக்காரர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தால், கெட்டிக்காரர் என்று பாராட்டுவோம். அந்த இரண்டு ரூபாயை அவர் எதில் மிச்சம் பிடித்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் கேட்காத கேள்விக்குப் பதில் நொய்யலில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, நம்ம கோயம்புத்தூரைத் தாண்டித் திருப்பூர் போகிற ஆறு அது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கான அணை. சில வருஷத்திலேயே அது சாயக்கழிவு தேங்குகிற குட்டையாகிவிட்டது. அணை இருக்கிற ஊரில் விவசாயி "தண்ணீர் திறந்து விடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். இங்கே "தண்ணீரைத் தேக்கவே வேண்டாம்" என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்று ஆனது.

அப்படிச் சுத்தம் செய்யப் பணம் செலவாகும். அதுவரை அந்தச் செலவு எந்தப் பில்லிலும் வராமல், விவசாயியின் கிணற்றில் கணக்கு எழுதப்பட்டிருந்தது.

நூற்பாலைகளில் இருந்த சுமங்கலித் திட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் போய் நின்றுவிட்டால் அந்தத் தொகை கைக்கு வராமலே போகும். அங்கேயும் அதே கதைதான். துணி மலிவாக வந்தது. மீதியைக் கட்டியது அந்தப் பெண்பிள்ளைகள்.

அதற்காகத் திருப்பூர் துணியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லைங்க. அந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பம் இருக்கிறது. வாங்குகிறவர் கேட்டால் மாற்றம் வருகிறது என்பதையும் பார்த்தோம். 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், ஆடைத் தொழிற்சாலையில் பெண்களுக்கு நடக்கும் கொடுமையைத் தடுக்கத் தொழிற்சங்கத்தோடு வெளிநாட்டு பிராண்ட் கம்பெனிகளும் பொறுப்பேற்றன. நாமும் வாங்குகிறவர்கள்தானே?

நான் இப்போது கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இது வேணுமா? ஆன்லைனில் பிடித்ததைக் கூடையில் போட்டுவிட்டு ஒரு வாரம் தொடுவதில்லை. பாதி மறந்தே போகிறது. வாங்காமல் விடுவதற்குக் காசு செலவில்லை. பட்ஜெட் போட்டு வாழ்கிற வீட்டுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, யார் செய்தது? உழவர் சந்தையில் விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடமே கேட்கலாம். பாக்கெட்டில் வெறுமனே 'ஆர்கானிக்' என்று அச்சடித்திருந்தால் போதாது, ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சேலை எடுத்தால் கைத்தறி முத்திரையைப் பாருங்கள். கோவை கோராவும் நெகமம் காட்டனும் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சரக்கு. விலை கூடத்தான் இருக்கும். வருஷத்துக்கு நாலு எடுக்கிற இடத்தில் இரண்டு எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும்.

மூன்றாவது, தீர்ந்த பிறகு எங்கே போகும்? நம்ம குப்பை வண்டி கேட்டைத் தாண்டியதும் நமக்கு மறந்துவிடுகிறது. கோவையின் குப்பை வருஷக்கணக்காகப் போய்ச் சேர்ந்த இடம் வெள்ளலூர். 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து எரிந்தபோது புகையைச் சுவாசித்தது ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறவர்கள். துடியலூரில் நமக்குக் கண்கூட எரியவில்லை.

மஞ்சப்பை பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி முதல் நம்ம மாநிலத்தில் ஒரு முறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. நல்லதுதான். ஆனால் என் வீட்டு அலமாரியை எண்ணிப் பார்த்தேன், 31 துணிப்பை! கல்யாண வீட்டில் கொடுத்தது, மறந்துபோய்க் கடையில் வாங்கியது. பருத்தி விளைய நிலம், தண்ணீர், உரம் எல்லாம் வேண்டும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் கணக்குப் போட்டபோது, பருவநிலை பாதிப்பை மட்டும் எடுத்தாலே, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று சொன்னார்கள். வாரச் சந்தைக்கு ஒரு வருஷம் அதே பையை எடுத்துப் போகிற கணக்கு. அலமாரியில் தூங்குகிற பையால் யாருக்கும் லாபமில்லை. வண்டிச் சாவி மாட்டுகிற ஆணியிலேயே ஒரு பையையும் மாட்டி வையுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். சங்க அறையில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன யூனிஃபார்ம், சைக்கிள், பாடப்புத்தகம் எல்லாம் அங்கே வரட்டும், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளட்டும். என்னுடைய 31 பைகளில் 25 அங்கே இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பத்து வீடு சேர்ந்து வாரம் ஒருவர் முறைவைத்து உழவர் சந்தைக்குப் போய் வந்தால் பெட்ரோலும் மிச்சம், காய்கறியும் புதுசு. முதல் வாரம் நான் போகிறேன். பெயர் கொடுப்பவர்கள் இன்றைக்கே கொடுங்கள்.

22 வருஷம் விலையைக் குறைக்கச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். இனி "குறைத்த பணம் யார் கையிலிருந்து போகிறது?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளப் பார்க்கிறேன். நீங்களும் கூட வந்தால் சந்தோஷம்.