நீர்காத்த தெய்வமும் மழை பாடிய நாச்சியாரும்



இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்து ஆற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் ஐயனுக்கு ‘நீர்காத்த அய்யனார்’ என்பது திருப்பெயர். ஊரெல்லையையும் ஏரிக்கரையையும் காப்பவர் அய்யனார் என்பது தமிழ்மக்கள் தொன்றுதொட்டுக் கொண்ட நம்பிக்கை. மோகினி வடிவங்கொண்ட திருமாலுக்கும் சிவபெருமானுக்கும் தோன்றிய அரிகரபுத்திரர் என்று புராணம் அவரைப் போற்றும். அத்தெய்வத்தின் மகா கும்பாபிஷேக நன்னாளில், அண்டை ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாள் நாச்சியார் மழையை எவ்வாறு பாடியருளினார் என்று எண்ணிப் பார்ப்பது மிகவும் பொருத்தமுடையது.

நாச்சியார் அருளிய நூல்கள் இரண்டு. திருப்பாவை 30 பாசுரங்களும், நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும் உடையன. இரண்டிலும் மழை வருகிறது. திருப்பாவையின் நான்காம் பாசுரம் மழைக்குரிய தேவனை விளிக்கிறது. திருமொழியின் எட்டாம் பதிகம் மேகங்களைத் திருவேங்கடமுடையானிடம் தூது விடுகிறது. பாடியவர் ஒருவர், பாடுபொருளும் ஒன்று. ஆயினும் முன்னதைக் கேட்டால் நெஞ்சம் நிமிர்கிறது. பின்னதைக் கேட்டால் உருகுகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறந்தது? சொற்களைத் தெரிந்தெடுத்துத் தொடுத்த திறத்திலிருந்தே பிறந்தது.

முதலில் திருப்பாவையைக் காண்போம். அங்கே மழைத்தேவன் ஒருமையில் அழைக்கப்பெறுகிறான். எதையும் ஒளிக்காதே என்று ஏவப்பெறுகிறான். ஆயர்பாடிச் சிறுமியர்க்கு இத்துணிவு எவ்வாறு வந்தது? நோன்பின் வலிமையால் வந்தது. அடுத்து, கடலுட் புகுதல், நீரை முகத்தல், ஆரவாரித்து ஏறுதல், கறுத்தல், மின்னுதல், அதிர்தல் என்று செயல்கள் வினையெச்சங்களாக ஒன்றன்பின் ஒன்று அடுக்கி வருகின்றன. பெய்க என்னும் முற்றுவினையோ ஏழாம் அடியில்தான் கிடைக்கிறது. மேகம் திரண்டு திரண்டு இறுதியில் கொட்டுவதுபோலவே வாக்கியமும் திரண்டு நின்று பொழிகிறது. ஏழு அடிகளிலும் ழகரம் எதுகையாக ஓடுகிறது. ஆழி என்னும் ஒரு சொல்லே ஓரிடத்தில் கடலாகவும், மற்றோரிடத்தில் திருச்சக்கரமாகவும் நிற்கிறது.

உவமைகளும் அவ்வாறே. கருமைக்குப் பெருமான் திருமேனி, மின்னலுக்குச் சக்கரம், இடிக்கு வலம்புரி, தாரைக்குச் சார்ங்கம் சொரியும் அம்பு. அம்பு என்றவுடன் அழிவு நினைவிற்கு வருமன்றோ? அதனால், உலகம் வாழவே பெய்ய வேண்டும் என்று உடனே அமைத்து, அச்சத்தை அன்பாக்கி விடுகிறார். உலகம் முன்னே நிற்கிறது. ‘நாங்களும்’ என்று தம்மைப் பின்னே வைக்கிறார். அவ்வும்மை ஒன்றே பாசுரத்தின் உள்ளத்தைக் காட்டிவிடும்.

இனித் திருமொழிக்கு வருவோம். அங்கே தோழியர் இல்லை, நோன்பு இல்லை, தனிமை ஒன்றே துணை. ஒன்பது பாசுரங்களில் மேகங்களை விளித்து விளித்துப் பேசுகிறார். ஏவலின் இடத்தில் இறைஞ்சுதல் வருகிறது. முதற் பாசுரத்திலேயே வினாக்கள் எழுகின்றன: எம்பெருமானும் உங்களோடு வந்தானா? ஒரு பெண்ணைக் கண்ணீர் சோர விடுவது அவனுக்குப் பெருமைதானா?

இங்கே உவமை விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கிவிடுகிறது. உள்ளீடு அழிந்த விளங்கனி. மழைக்காலத்தில் உதிரும் எருக்கம்பழுப்பு. இவை வழியோரத்துப் பொருள்கள், எளியோரும் அறிந்தவை. எல்லாம் தழைக்கும் மழைக்காலத்தில் எருக்கின் முதிர்ந்த இலை மட்டும் வீழ்கிறது. உலகுக்கு வாழ்வாகும் மழையே தமக்கு வாட்டமாவதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது. சங்கும் சக்கரமும் இப்பாசுரத்தில் உவமையாக வந்திருந்தால் துயரம் அவற்றின் ஒளியில் மறைந்திருக்கும்.

இந்நயம் புலவர்க்கு மட்டும் உரியதன்று. மார்கழியில் திருப்பாவை ஓதுவோர் பலர். திருமொழியை நாடுவோர் சிலரே. ஒன்றை மட்டும் ஓதுவோர் நாச்சியாரின் பாதியையே அறிந்தவராவர். ஊரோடு கூடி நின்று உலகம் வாழ வேண்டுவதும் பக்தியே. ஒருவரும் அறியாமல் தன் துயரைச் சொல்லி அழுவதும் பக்தியே. முன்னதற்கு நிமிர்ந்த சொல்லும், பின்னதற்குத் தழைந்த சொல்லும் தந்து, இரண்டையும் இறைவன் திருமுன் வைக்கலாம் என்று காட்டினார் கோதைப்பிராட்டி.

அய்யனார் திருமுன் வருவோரும் இவ்விரு திறத்தினரே. மழை வேண்டி வரும் உழவர் உண்டு. மனத்துயர் தாங்காது வரும் தாயரும் உண்டு. ஓதுவோர் இரண்டையும் ஒரே குரலில் ஓதலாகாது; திருப்பாவையை எழுச்சியோடும், திருமொழியைத் தாழ்ந்த குரலில் நிறுத்தி நிறுத்தியும் ஓதுதல் வேண்டும். அப்போது சொல்லின் பொருளோடு சொன்னவரின் உள்ளமும் கேட்போர்க்கு விளங்கும்.

மலைமேல் மாரி பொழிக. ஆற்றில் நீர் பெருகுக. திருப்பணி செய்த அன்பர்தம் குடும்பங்களும் உலகமும் நீர்காத்த ஐயன் திருவருளால் வாழ்க!