செலுத்துவதற்குக் கடல் தடையில்லை. உயர்வதற்கு மட்டும் தடையா?

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொடுக்கும் கைக்குக் கடல் தடையல்ல. வாங்கும் கைக்கு மட்டும் தடை. இப்படியொரு நீதி எந்த நாட்டிலேனும் உண்டா என்று கேட்டால், இருக்காது என்பீர்கள். இருக்கிறது! மக்களாட்சியின் தாயகம் என்று மார்தட்டும் இங்கிலாந்திலே இருக்கிறது.

வறுமையெனும் அரக்கனை வீழ்த்த வழி கூறி 1942-இல் அறிக்கை தந்தார் பெவரிட்ஜ். 1946-இல் தேசியக் காப்புறுதி சட்டமாயிற்று. 1948 ஜூலை 5-இல் நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் காலத்தில் சந்தா. உழைப்பு ஓய்ந்த காலத்தில் ஊதியம். பிச்சையல்ல, உரிமை! போற்றத்தக்க ஏற்பாடு, போற்றுகிறேன்.

அந்நாட்டில் உழைத்து, பின் வெளிநாடு சென்றவரும் தாமே விரும்பிச் சந்தா செலுத்தி, விடுபட்ட ஆண்டுகளை நிரப்பலாம். 2016 ஏப்ரல் 6-க்குப் பின் ஓய்வு வயதை எய்துவோர்க்கு, பொதுவாக 35 ஆண்டுக் கணக்கிருந்தால் முழுத்தொகை. 10 ஆண்டுகூட இல்லையேல் வெறுங்கை.

கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் நான். ஆயினும் கணக்குப் போடத் தெரியும். 2025–26-இல் மூன்றாம் வகுப்புச் சந்தா வாரம் 17 பவுண்டு 75 பென்ஸ். ஓராண்டுக்கு 923 பவுண்டு. முழு ஓய்வூதியம் வாரம் 230 பவுண்டு 25 பென்ஸ். அதில் 35-இல் ஒரு பங்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 342 பவுண்டு. ஓய்வு பெற்ற மூன்றாண்டுக்குள் போட்ட முதல் திரும்பிவிடும்! வெளிநாட்டில் வேலை பார்த்தோர்க்குரிய இரண்டாம் வகுப்போ, அவ்வாண்டில் வாரம் மூன்றரைப் பவுண்டுதான்.

"ஆதாயந்தானே, அநீதி எங்கே?" என்கிறீர்களா? கேளுங்கள்.

அனெட் கார்சன் என்ற அம்மையார் 1989-இல் தென்னாப்பிரிக்காவில் குடியேறினார். அங்கிருந்தபடியே 1999 வரை விரும்பிச் சந்தா செலுத்தினார். 2000-இல் ஓய்வூதியம் வந்தது. அடிப்படைத் தொகை வாரம் 67 பவுண்டு 50 பென்ஸ். இங்கிலாந்தில் வாழும் முதியவருக்கு ஆண்டுதோறும் அத்தொகை உயர்ந்தது. அம்மையாருக்கோ உறைந்தது, பனிக்கட்டியாய் உறைந்தது!

நாடகம் எழுதுபவனல்லவா நான்? காட்சியாகவே காண்கிறேன்.

"சந்தாவில் குறை வைத்தேனா?"

"இல்லை."

"பின் ஏன் உயர்வில்லை?"

"நீர் வாழும் நாடு அப்படி!"

வழக்காடினார் அம்மையார். 2005-இல் பிரபுக்கள் சபை மறுத்தது. 2010 மார்ச் 16-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயமும் 11-க்கு 6 என மறுத்தது. அவர்கள் கூறிய காரணத்தை மறைக்கமாட்டேன். சந்தாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் நேரடிப் பிணைப்பில்லை. உயர்வு உள்நாட்டு விலைவாசியையொட்டியது. பிற நாடுகளுடன் ஒப்பந்தம் செய்வது அரசின் விருப்பம் என்றனர்.

சட்டம் அதுவாக இருக்கலாம், நியாயம் அதுவா? நயாகரா அருவியின் அமெரிக்கக் கரையில் வாழும் முதியவருக்கு உயர்வு. எதிரே கனடாக் கரையில் வாழும் முதியவருக்கு உறைவு! அருவியின் இரைச்சல் இரு கரையிலும் ஒன்றுதானே? முதுமையின் பசி மட்டும் கரைக்குக் கரை மாறுமா?

ஆஸ்திரேலியாவும், இந்தியாவும், இலங்கையும் உறைவுப் பட்டியலில்தான். இலண்டனில் உழைத்து ஓடாய்த் தேய்ந்து, முதுமையில் மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பும் தமிழருக்கும் இதே கதி. இப்படி உறைந்த ஓய்வூதியம் பெறுவோர் உலகெங்கும் நான்கு இலட்சத்துக்கும் மேல்.

இதற்கு மேலும் ஒரு பூட்டு! 2026 ஏப்ரல் 6 எனும் நாள் குறித்து, வெளிநாட்டிலிருப்போர்க்கு மலிவான இரண்டாம் வகுப்பு வாயிலை மூட 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். புதிதாக விண்ணப்பிப்போர், முன்னர் அங்கே பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது பத்தாண்டுச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்றும் விதித்தனர். மூன்றாண்டு போதும் என்றிருந்தது பத்தாயிற்று.

ஆகவே தோழரே, அயல்நாட்டில் உழைத்த உங்கள் உற்றார்க்கு எடுத்துரையுங்கள்: சந்தாக் கணக்கைப் பார், முதுமையில் எந்த மண்ணில் வாழ்வாய் என்பதையும் எண்ணிப் பார், பிறகு பணம் கட்டு.

ஆள்வோரிடம் நாம் கேட்பது அருளல்ல. சந்தா வாங்கும்போது எங்கிருந்து வருகிறது என்று நீர் பார்க்கவில்லை. உயர்வு தரும்போது மட்டும் ஏன் பார்க்கிறீர்?

விடை வரும்வரை கேட்போம்!