வற்றிய கடலில் ஒரு வகுப்பு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடற்கரைப் பள்ளி அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பாம்பன் பகுதியில் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு. ஒன்பதாம் வகுப்புத் தேர்வில், 'அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல்மட்டம் எப்படி இருக்கும்?' என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி 'கடல் நன்றாக வற்றும்' என்று எழுதியிருந்தாள். உயர் ஓதம் என்றல்லவா பாடம்! சிவப்பு மையால் அடித்துவிட்டேன். விடைத்தாளை வாங்கியவள், "டீச்சர், அமாவாசைக்குத்தான் கடல் நல்லா வத்தும். எங்கம்மா அப்பத்தான் பாசிக்குப் போகும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. சூரியன், பூமி, நிலவு மூன்றும் நேர்க்கோட்டில் வரும் அந்நாட்களில் நீர் வழக்கத்தைவிட உயரும். சுமார் ஆறு மணி நேரம் கழித்து வழக்கத்தைவிடத் தாழவும் செய்யும். 'உயர் ஓதம்' என்ற பெயரால் பாதியை மட்டுமே பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்கிறோம். அட்டமியை ஒட்டி ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் நாளும் அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்து அமைந்தால் வற்றம் இன்னும் கூடும்.

மதிப்பெண்ணைத் திருத்தினேன். அடுத்த அமாவாசைக்குத் தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் பெற்று இருபது பிள்ளைகளோடு கரைக்குப் போனேன். அந்த மாணவியின் தாயார்தான் வழிகாட்டி. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிப்பவர்.

நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆனால் கரை தட்டையாக இருப்பதால் கொஞ்சம் இறங்கினாலே வெகுதூரம் தரை தெரிகிறது. செண்டிமீட்டர் குறித்த மூங்கில் கழியை நட்டு அரைமணிக்கு ஒருமுறை அளந்தோம். நீர் முதலில் மெதுவாகவும், நடுவில் வேகமாகவும், கடைசியில் மறுபடி மெதுவாகவும் இறங்கியது. வரைபடம் போட்ட பிள்ளைகள் அந்த வளைவைப் பார்த்து வியந்தார்கள். எனக்கும் அது புதிதுதான்.

பாறையில் கொட்டலசுகள் ஓட்டை இறுக மூடி ஈரத்தைக் காத்துக்கொண்டிருந்தன. கடல் சாமந்தி இதழ்களைச் சுருக்கிப் பாக்குபோல ஒட்டிக்கிடந்தது. 'தகவமைப்பு' என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஒரு பையன் கல்லைப் புரட்டினான். "தம்பி, பொரட்டுனா திருப்பி வச்சிரு. அதுக்கடியில குடியிருக்குதுக" என்றார் அந்த அம்மா.

எதையும் எடுத்துவரக் கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் மூன்றும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. கூம்புச் சங்கைத் தொடவே விடாதீர்கள். உயிரோடிருந்தால் நஞ்சு ஏற்றும். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். நீர் திரும்பும் முன் கரையேறிவிட வேண்டும்.

ஒரு சிறுமி கரையிலேயே நின்றுவிட்டாள். சுனாமி பயம். 'கடல் உள்வாங்கியது' என்று செய்தி வந்தாலே அவள் வீட்டில் யாரும் தூங்குவதில்லையாம். அங்கேயே உட்கார்ந்து பேசினோம். ஓதத்தின் வற்றம் பல மணி நேரம் எடுக்கும். நாட்காட்டியைப் பார்த்து முன்பே சொல்லலாம். நேரங்கெட்ட நேரத்தில், சில நிமிடங்களில் கடல் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்கக் கூடாது. மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சில கரைகளில் கடல் அப்படித்தான் பின்வாங்கியது. பின்வாங்காமலும் அலை வரலாம் என்பதையும் சொன்னேன். அவள் கழியைப் பார்த்தாள். அரைமணியில் சில செண்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த மூங்கில் கழி எங்கள் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு யாராவது பிள்ளைகளை அழைத்துப்போவதாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.