மூச்சுக்கு முறை வைப்போம்!
(வியாபாரிகள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கடையடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே! இளைஞர்களே!

நம் ஊரில் ஒரு குழந்தை மூச்சுக்குப் போராடுகிறது. எஸ்.எம்.ஏ. எனப்படும் தசைநலிவு நோய். மரபணுக் குறையால் பிறவியிலேயே வருவது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகின்றன. கை கால் தளர்வதோடு நிற்பதில்லை. மூச்சிழுக்கும் தசையும் தளர்கிறது. பகலில் சமாளிக்கும் பிள்ளை, தூங்கியதும் திணறுகிறது.

ஒரு சகோதரர், "ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கிக் கொடுத்துவிடலாமே" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் காற்றை இழுத்து விடும் வலுவே இந்தப் பிள்ளைக்குக் குறைவு. வெறும் ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்தால் மீட்டரில் அளவு சரியாகக் காட்டும். உடலுக்குள் கரியமில வாயு தேங்கிவிடும். அதனால்தான் மருத்துவர் பைபேப் கருவியை எழுதித் தந்திருக்கிறார். முகமூடி வழியாக, மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தத்திலும், விடும்போது குறைந்த அழுத்தத்திலும் அது காற்றைச் செலுத்தும். இருமக்கூட வலுவில்லாத பிள்ளை என்பதால் சளி உறிஞ்சும் கருவியும் வேண்டும்.

வியாபாரிகளே! லாரி வாங்குபவர் விலையை மட்டுமா பார்க்கிறார்? டயர், டீசல், டிரைவர் சம்பளம் எல்லாம் கணக்குப் போட்டுத்தானே இறங்குகிறார்! இதுவும் அப்படித்தான். பிள்ளை வளர வளர முகமூடியை மாற்ற வேண்டும். குழாய், வடிகட்டி மாற்ற வேண்டும். கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். ஒருநாள் துண்டேந்தி வசூலித்து, கருவியைக் கொடுத்து, போட்டோ எடுத்துக் கலைந்துவிட்டால், பிறகு அந்தத் தாய் யாரிடம் போய் நிற்பாள்? ஒருமுறை 1,000 ரூபாய் தருபவரைவிட, மாதாமாதம் 100 ரூபாய் தருபவரே இன்று நமக்குத் தேவை.

"ஜகாத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். ஏழைக் குடும்பம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஜகாத்தில் வாங்கியதை அவர்களுக்கே உரிமையாக்கிவிட வேண்டும். ஜமாஅத் வைத்துக்கொண்டு இரவல் கொடுக்கும் கருவிக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. மாதந்தோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படும். பிள்ளையின் பெயரும் படமும் அதில் இருக்காது. உதவி பெறுவதற்காக ஒரு குடும்பம் தன் மானத்தை இழக்கக் கூடாது.

"எங்களிடம் பணமில்லையே" என்கிறீர்களா, இளைஞர்களே? 1952ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் மடிந்தார்கள். போதிய கருவிகள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறை வைத்து அந்தப் பைகளை அமுக்கினார்கள். பல உயிர்கள் பிழைத்தன.

கருவி திடீரென்று நின்றுவிட்டால் இன்றும் கைப்பைதான் துணை. அதைப் பயன்படுத்தும் முறையை மருத்துவரிடம் நாலுபேர் கற்றுக்கொள்ளுங்கள். பேட்டரியைப் பார்க்க ஒருவர், மருத்துவமனைக்கு வண்டியோடு ஒருவர், கடைத்தெருவில் சந்தா வாங்க இருவர், நள்ளிரவில் கூப்பிட்டால் ஓடிவர இருவர் வேண்டும்.

வாசலில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று மாதச் சந்தாவுக்கு. மற்றொன்று முறை வைக்கும் இளைஞர்களுக்கு. ஏதாவது ஒன்றில் பெயர் எழுதாமல் யாரும் வீடு திரும்ப வேண்டாம். இதற்கான கூலியை அல்லாஹ் தருவான்.