கூட்டத்துக்கு முந்தின நாள்



வங்கிக்கோ, வியாபாரியிடமோ தொழில் சம்பந்தமாகப் பேசப் போகும்போது எப்படித் தயாராகிப் போகணும் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீடு, மாடு, காடு, அதோடு குழுவில் ஊக்குநர் வேலை. போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

கூட்டம் போடுவது நமக்குப் புதுசு இல்லீங்க. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் நம்ம தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பமாச்சு. இரண்டு மூன்று வருஷத்தில் நம்ம சேலம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தது. அடமானம் வைக்க நிலமும் நகையும் இல்லாத பெண்களுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது? நம்ம சேமிப்பையும், கூட்டம் நடந்த பதிவையும், கடன் திரும்பி வந்த கணக்கையும் நம்பித்தான். அதாவது நம்ம நோட்டுதான் நமக்குப் பத்திரம். அதனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாயை நம்பிப் போகாதீங்க, நோட்டை நம்பிப் போங்க.

முதல் தயாரிப்பு நமக்குள்ளேயே நடக்கணும். என்ன கேட்கப் போகிறோம், எவ்வளவு கேட்கப் போகிறோம், எதுக்குக் கேட்கிறோம், மாசம் எவ்வளவு கட்ட முடியும் என்று குழுவில் எல்லாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானம் எழுதணும். இதைச் செய்யாமல் போனால், மேலாளர் முன்னாடி ஒரு அக்கா மாட்டுக்கு என்பார், இன்னொரு அக்கா தையல் மிஷினுக்கு என்பார். கேட்கிறவருக்கு நம்பிக்கை போய்விடும். யார் பேசுவது, யார் நோட்டை எடுத்துக் காட்டுவது, யார் குறிப்பு எழுதுவது என்பதையும் முந்தின நாளே பிரித்துக்கொள்ளணும்.

அடுத்தது நோட்டுகள். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்தல், சரியான கணக்கு. இந்த ஐந்தையும்தான் வங்கியில் பார்க்கிறார்கள். தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், பாஸ்புக் எல்லாவற்றையும் முந்தின நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பாஸ்புக்கில் இருக்கும் தொகையும் ரொக்கப் புத்தகத்தில் இருக்கும் தொகையும் ஒத்து வருதா? மொத்தச் சேமிப்பு எவ்வளவு, வெளியில் நிற்கும் உள்கடன் எவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்க.

மூன்றாவது, விதி தெரிந்து போகணும். போன தடவை நாங்கள் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். கடன் வேணும்னா முதலில் குழுப் பேரில் டெபாசிட் போடுங்க என்றார்கள். எங்கள் குழுவில் பலர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். டெபாசிட் போட வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கணும். ஆனால் முந்தின வாரமே கூட்டமைப்பில் கேட்டு, ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையை நகல் எடுத்து வைத்திருந்தோம். குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுக்கும் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை நிறுத்தி வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. சண்டை போடலை. "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மரியாதையாகக் கொடுத்தோம். அவர் வாசித்துப் பார்த்தார், நோட்டைக் கேட்டார். டெபாசிட் பேச்சு அதோடு நின்றது. அந்த ஒரு தாள் இல்லை என்றால் எங்கள் பணம் வட்டிக்காரரிடம் போயிருக்கும்.

நான்காவது, விற்கப் போகும்போது அடக்க விலை தெரியணும். உதாரணத்துக்குச் சத்துமாவு எடுத்துக்குவோம். பாக்கெட் போட்ட பிறகு 10 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. தானியம், பயறு 700 ரூபாய். வறுக்க கேஸ் 80. மில் கூலி 100. பாக்கெட், லேபிள் 100. மொத்தம் 980. கிலோ 98 ரூபாய்தான் ஆச்சு என்று நினைப்போம். வியாபாரி 120-க்குக் கேட்டால் 22 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடுவோம். ஆனால் வறுத்த, சலித்த, பாக்கெட் போட்ட இரண்டு பேர் கூலி 500 ரூபாய் எங்கே? அதையும் சேர்த்தால் 1480. கிலோ 148 ரூபாய். அப்போ 120-க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 28 ரூபாய் நம்ம கையிலிருந்து போகுது! வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்று பழகிய கைக்கு இது கண்ணில் படாது. அதனால் எந்த விலையில் ஆரம்பிப்பது, எதுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற இரண்டு எண்ணையும் முந்தின நாளே முடிவு பண்ணிக்கொண்டு போங்க. பணம் எத்தனை நாளில் வரும், திரும்பி வரும் சரக்கு யார் பொறுப்பு என்பதையும் கேட்க மறக்காதீங்க. இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

கடைசியாக ஒன்று. வெளியே வந்ததும் வீட்டு அவசரத்தில் பஸ் ஏறிவிடாதீங்க. அவர் என்ன சொன்னார், என்ன தேதி சொன்னார், இன்னும் என்ன தாள் கேட்டார் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டணும். போனவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் குழு உடையும்.

சகோதரிகளே, பேசத் தெரியாது என்று யாரும் பின்னாடி உட்கார வேண்டாம். நம்ம கணக்கு நமக்குத் தெரிந்தால் பேச்சு தானாக வரும். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது இதுவரை பேசாத ஒரு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு போங்க, நோட்டை அவர் கையில் கொடுங்க.