திரையில் ஒரு வெண்பா



தமிழரைப் பினாங்குக்குக் கப்பலேற்றிய துறைமுகம் நாகப்பட்டினம். கடல் கடந்த வீட்டில் பிள்ளையின் நாவிலிருந்து தமிழ் நழுவும் துயரம் இவ்வூருக்குப் புதிதன்று. அதைச் சொல்ல ஒரு வீடியோ விளையாட்டு வந்திருக்கிறது, பெயர் 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ், 2023-இல் நின்டெண்டோ சுவிட்ச் முதலிய கருவிகளுக்கு வெளியிட்டது. மறு ஆண்டு பாஃப்டா விருதும் பெற்றது.

சுடுவதில்லை, துரத்துவதில்லை. 1980-களில் கனடாவில் குடியேறிய வெண்பா, தாயின் சமையற் குறிப்பேட்டைப் பிரிக்கிறாள். தாள் கிழிந்து எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்டதை ஆடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். முறை பிறழ்ந்தால் இட்டலி கெடும், தளை தட்டிய வெண்பாவைப் போல! சிதைந்த சுவடிகளோடு போராடிய உ.வே.சா. பிறந்த தஞ்சைத் தரணிக்குத் தெரிந்த வேலைதான்.

பின்னர் அதே ஏடு மகன் கவினின் கைக்கு வருகிறது. கிழிசலை ஊகித்துவிடலாம், எஞ்சிய தமிழைப் படிக்கத்தான் அவன் திணறுகிறான்.